மைக்கை அணைத்துவிட்டு ஒரு மாலை

தென்மாவட்டக் கச்சேரி மேடைகளில் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி இது. முதல் உருப்படி தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பாடகர் ஆட்காட்டி விரலை மேலே தூக்கி மைக்செட்காரரைப் பார்ப்பார். மானிட்டரில் சுருதி கேட்கவில்லை என்று பொருள். அடுத்து வயலின்காரர் வில்லை நிறுத்தித் தம் பங்குக்கு ஒரு விரலைத் தூக்குவார். மிருதங்கக்காரர் வலந்தலையைத் தட்டிக் காட்டித் தலையசைப்பார். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதில் மொத்தமும் ஏறிவிடும். எங்கிருந்தோ 'கூ' என்று ஓர் ஊளை கிளம்பும். அதை அடக்கி முடிப்பதற்குள் மூன்றாவது உருப்படி வந்துவிடும். உட்கார்ந்திருப்பவர்களோ இருநூறு பேர். அவர்களுக்கு இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய ஒலிபெருக்கிகள்.

இருநூறு பேருக்கு இத்தனை ஒலி எதற்கு? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மட்டும் என்றில்லை, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். ஆனாலும் இந்த இரண்டு ஊர்களை முன்வைத்துப் பேசக் காரணம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இந்த ஊர்களில் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மன்றம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, மார்கழி இருக்கிறது. சின்னக் கூடத்தில், மைக் இல்லாமல், வாத்தியம் தன் சொந்தக் குரலில் பேசும்படி ஆண்டுக்கு ஒரு கச்சேரியாவது இங்கே நடத்த முடியும். நடத்த வேண்டும். அதற்கான நியாயத்தைக் கர்நாடக இசையிலிருந்தே எடுத்து வைக்கலாம். ஆனால் அந்த நியாயத்தைப் பளிச்சென்று காட்டுவது நம்மில் பலர் கேட்டிராத ஓர் இசைவகை: பியானோ குவார்டெட்.

ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நாலே பேர். குச்சியை அசைத்து வழிநடத்த ஆள் கிடையாது. முக்கியமானவர், பக்கவாத்தியம் என்ற பிரிவும் கிடையாது. நம் கச்சேரியில் வயலின் பாடகரை ஒரு மூச்சு பின்னால் தொடர்ந்து போகும். தனி ஆவர்த்தனத்தில் பாடகர் தாளம் போட்டுக்கொண்டு ஒதுங்கி உட்கார்வார். பியானோ குவார்டெட்டில் அந்த முறை மாறிக்கொண்டே இருக்கும். இப்போது பேசுகிறவர் அடுத்த வரியில் கேட்கிறவர். நால்வரில் யாராவது ஒருவர் தன் ஒலியை மட்டுமே கேட்டு வாசித்தால் மற்ற மூவரும் காணாமல் போய்விடுவார்கள். அதிலும் பியானோவுக்குப் பொறுப்பு அதிகம். இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகளை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய அந்தப் பெட்டி நினைத்தால் மூன்று வில் வாத்தியங்களையும் ஒரே அடியில் மூழ்கடித்துவிடும்.

இந்த வகைக்கு முதல் பெரிய படைப்புகளைத் தந்தவர் மோட்சார்ட். 1785-இல் வியன்னாவில் பதிப்பாளர் ஹோஃப்மைஸ்டருக்காக ஜி மைனரில் ஒன்றை எழுதினார். மூன்று எழுதித் தருவதாக ஏற்பாடு. அச்சாகி வந்த முதலாவதை வீட்டில் வாசிக்க வாங்கியவர்கள் திணறினார்கள். அன்றைக்கு இசை விற்றது இப்படித்தான். இசைத்தட்டு இல்லாத காலம். தாளை வாங்கி வீட்டிலேயே வாசித்துக்கொள்ள வேண்டும். கடினமாக இருக்கிறது, விற்கவில்லை என்று ஹோஃப்மைஸ்டர் பின்வாங்க, ஒப்பந்தம் முறிந்தது. மோட்சார்ட் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஈ ஃப்ளாட் மேஜரில் இரண்டாவதை எழுதி முடித்தார். அதை வேறொரு பதிப்பகம் வெளியிட்டது.

1788-இல் வைமார் நகரத்து இதழ் ஒன்று மோட்சார்ட்டின் ஒரு பியானோ குவார்டெட்டைப் பற்றி ஒரு செய்திக் கட்டுரை வெளியிட்டது. போகிற வீடெல்லாம் இதை வாசிக்கிறார்கள், பெரிய விருந்துக் கூட்டங்களின் சலசலப்புக்கு நடுவில் பயிற்சி போதாதவர்கள் வாசிக்கிறார்கள், கேட்கச் சகிக்கவில்லை என்று அந்த நிருபர் நொந்துகொண்டார். தேர்ந்த நால்வர் நன்றாகப் படித்துத் தயாராகி, ஓர் அமைதியான அறையில், கவனித்துக் கேட்கும் இரண்டு மூன்று பேருக்கு முன்னால் வாசித்தபோது அதே இசை முற்றிலும் வேறாக இருந்தது என்றும் எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விமர்சனம் அப்படியே நம் கல்யாண மண்டபக் கச்சேரிகளுக்குப் பொருந்துகிறது. இசையின் தரத்தைப் பாதி கலைஞர் தீர்மானிக்கிறார் என்றால், மறுபாதியைத் தீர்மானிப்பது அறை.

அறையும் அளவும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிராம்ஸ் கதை இன்னொரு சான்று. அவருடைய ஜி மைனர் பியானோ குவார்டெட் 1861-இல் ஹாம்பர்க்கில் அரங்கேறியது. பியானோ வாசித்தவர் கிளாரா ஷூமான். நாற்பது நிமிடம் நீளும் அந்தப் படைப்பின் கடைசிப் பகுதி, ஹங்கேரி நாட்டு ஜிப்சி இசைக்காரர்களின் நடன வேகத்தில் பாய்ந்து ஓடும். 1937-இல் அர்னால்ட் ஷோன்பர்க் இதை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. பியானோக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு சத்தமாக வாசிக்கிறார், தந்தி வாத்தியங்கள் காதில் விழுவதே இல்லை, ஒரு தடவையாவது எல்லாவற்றையும் கேட்க ஆசைப்பட்டேன் என்றார் அவர். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிக்கலான இசையை எழுதியவருக்கே நான்கு வாத்தியமும் சமமாகக் கேட்பது அத்தனை பெரிய ஆசையாக இருந்திருக்கிறது.

இதே படைப்பை எமில் கிலெல்ஸ் பியானோவில் வாசிக்க, அமடேயஸ் குவார்டெட் கலைஞர்கள் உடன் வாசித்த 1970-ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டால் ஷோன்பர்க்கின் குறைக்குப் பதில் கிடைக்கும். கிலெல்ஸ் இரும்புக் கை கொண்டவர் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கை வயோலா பேசும் இடத்தில் தணிந்து வழிவிடுகிறது. யாரும் பொத்தானைத் திருகவில்லை. கலைஞரே தம் விரலின் எடையைக் குறைத்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயம். ஒலிப்பதிவு என்பதே மைக் வழியாக வருவதுதானே? ஆம். ஆனால் மைக்கை எங்கே வைக்கிறார்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. இத்தகைய பதிவுகளைப் பெரும்பாலும் ஒரு தேவாலயத்திலோ சிறு அரங்கிலோ, சில மைக்குகளைச் சற்றுத் தள்ளி வைத்து எடுப்பார்கள். வாத்தியங்களின் ஒலி அறையின் காற்றில் கலந்த பிறகே மைக்குக்கு வருகிறது. யார் ஓங்க வேண்டும், யார் அடங்க வேண்டும் என்பதை நால்வரும் தங்களுக்குள் முடித்துவிட்டார்கள். மைக் அதற்குச் சாட்சி மட்டுமே. நம் மேடையில் பாடகர் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் ஒரு மைக், மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் இரண்டு, வயலினின் உடம்பிலேயே ஒட்டவைத்த ஒன்று. ஒரே மேடையில் தோளுரச உட்கார்ந்திருக்கும் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் நேராகக் கேட்பதில்லை. காலடியில் இருக்கும் மானிட்டர் பெட்டி வழியாகக் கேட்கிறார்கள். அவர்களுக்குள் இருக்க வேண்டிய சமநிலையை அரங்கின் கடைசியில் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். பாவம், அவருக்குக் காலையில் அரசியல் கூட்டம், மாலையில் கச்சேரி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதில் இழப்பது என்ன என்பதை ராபர்ட் ஷூமானின் ஈ ஃப்ளாட் பியானோ குவார்டெட் சொல்லும். எழுதப்பட்ட ஆண்டு 1842. (அதே ஆண்டில்தான் சென்னையில் மிஸ்கித் கம்பெனி தொடங்கியது, இன்று அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் இருக்கும் கடை அதன் வாரிசு. ஐரோப்பியக் கூடங்களில் இந்த இசை பிறந்துகொண்டிருந்தபோது பியானோ நமக்கும் வந்துகொண்டிருந்தது.) இந்தக் குவார்டெட்டின் மூன்றாவது பகுதி செல்லோவின் பாட்டோடு திறக்கிறது. அந்தப் பாட்டு வயலினுக்குப் போய், வயோலாவுக்கு வந்து சுற்றுகிறது. முடிவு நெருங்கும்போது செல்லோக்காரருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார் ஷூமான். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தம் வாத்தியத்தின் கடைசித் தந்தியை, பிருடையைத் திருகி, ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். சத்தம் வரக் கூடாது. சுருதி பிசகக் கூடாது. இறக்கிய பிறகு அந்தத் தந்தியில் அடியாழத்து ஒலி ஒன்றை நீளமாகப் பிடித்து நிற்பார். அதன் மேல் மற்ற மூவரும் மெல்ல அசைவார்கள்.

தம்பூராவின் மந்தரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்க வேண்டுமே! அந்த ஒலி மெலிதானது. மின்விசிறியின் இரைச்சலே அதைத் தின்றுவிடும். ஒலிபெருக்கியில் போட்டு ஏற்றினாலோ அது வேறு பொருளாகிவிடும். உறுமும், அதிரும், நெருங்கி வராது.

மேல்நாட்டு இசையைக் கேட்டு இங்குள்ளவர்களுக்கு என்ன வரப்போகிறது என்று கேட்பவர்கள், வயலின் எந்த வழியாக நமக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். ராஜபாளையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். அவரை ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்டது எட்டயபுரம் அரண்மனை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் எழுதியவர். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. கரிசல் காட்டின் நடுவே ஒரு சின்ன அரண்மனை, மேல்நாட்டு வாத்தியத்தைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. இரண்டு தலைமுறையில் அது நம் வாத்தியமாகவே ஆகிவிட்டது.

மேற்கே போனால் ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் சுரண்டைக்குப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் பிடில் கற்று, தஞ்சாவூரில் மருத்துவராகப் பெயரெடுத்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டவர். மேற்கத்திய இசையையும் அறிந்திருந்த அவர் வாழ்நாள் முழுக்கச் சுருதிகளை அளந்தார். ஒரு ஸ்தாயியில் பியானோவுக்குப் பன்னிரண்டே கட்டைகள். தோடியின் காந்தாரத்தை அதில் தேடினால் கிடைக்காது. வயலினில் விரல் எங்கே வேண்டுமானாலும் நகரலாம். அப்படியானால் பியானோவும் வயலினும் ஒன்றாக வாசிக்கும்போது யார் யாருக்கு இணங்குகிறார்கள்? பியானோ குவார்டெட் பதிவுகளில் உன்னிப்பாகக் கேட்டால், வில் பிடித்த மூவரும் தங்களுக்குள் வாசிக்கும்போது ஸ்வரத்தைக் கொஞ்சம் விட்டுப்பிடிப்பதும், பியானோ சேர்ந்த உடனே அதன் அளவுக்கு வந்து நிற்பதும் தெரியும். கர்நாடக இசைக் காது உள்ளவர் இந்த நுட்பத்தை மேல்நாட்டு ரசிகரைவிட வேகமாகப் பிடித்துவிடுவார். பண்டிதர் பிறந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இது அந்நியமான ஆராய்ச்சி அல்ல.

மைக் இல்லாமல் பாடுவதும் இங்கே நேற்று வரை நடந்ததுதான். ராஜபாளையம் வழியாகப் போகும் ரயில் பாதையில் இருக்கும் செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய நாடகக் கொட்டகையில் உச்ச ஸ்தாயியில் அவர் நின்றால் தரை டிக்கெட்டு வரை தெளிவாகக் கேட்டது என்பது தென்மாவட்டமெங்கும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 27 வயதில் மறைந்துவிட்ட அவரைப் பின்வந்தவர்கள் அறிந்தது கிராமபோன் தட்டுகள் வழியாக. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். அந்தத் தட்டுகளைக் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள்? ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் வாய் பேசாமல் உட்கார்ந்து கேட்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து பதிவைக் கேட்பது நம்மிடம் இருந்த பழக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மைக் இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தின் இன்னும் பழைய வடிவம் உயிரோடு இருக்கிறது. ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி என விரல்விட்டு எண்ணக்கூடிய தலங்களில் மட்டுமே இன்று எஞ்சியிருக்கும் மரபு இது. தலையில் கூம்புக் குல்லாய், கையில் ஒரு ஜோடித் தாளம். அவ்வளவுதான் கருவிகள். அரையர் பாசுரத்தை இசைத்து, அபிநயம் பிடித்து, வியாக்கியானம் சொல்வார். கல் மண்டபத்தின் எதிரொலியே அவருக்குப் போதும். அந்தக் குரலும் அந்தக் கல்லும் ஒன்றுக்கொன்று பழகியவை. மார்கழியில் அதே ஊரின் தெருக்களில் திருப்பாவை ஒலிபெருக்கி வழியாகவும் வரும். தெருவுக்கு அது வேண்டியதுதான். ஆனால் மண்டபத்துக்குள் கேட்பது என்ன, தெருவில் கேட்பது என்ன என்று ஒரே காலையில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஊர்க்காரர்களுக்குப்போல வேறு யாருக்கும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான பதில் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மைக் வருவதற்கு முன் நல்ல இசை யாருக்குக் கிடைத்தது? எட்டயபுரம் அரண்மனைக் கூடத்தில் பாலுசுவாமி வாசித்தபோது கேட்டவர்கள் ராஜாவும் அவருக்கு வேண்டியவர்களும். வியன்னாவிலும் அப்படித்தான், பிரபுக்களின் கூடம், பணக்காரர் வீட்டு மாடி. மைக்தான் கச்சேரியைக் கூடத்திலிருந்து வீதிக்குக் கொண்டுவந்தது. கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வெளியே நின்று கேட்டதும், மெல்லிய குரல் கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கானவர் முன் பாடியதும் மைக்கினால்தான். இது சமூகத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை. அதைத் திருப்பி எடுத்துவிடும் யோசனை எதுவும் ஏற்கத்தக்கதல்ல.

ஆகவே திறந்த வெளியில், தேரடியில், ஆடிப்பூரக் கூட்டத்தில் மைக் இருக்கட்டும். கேள்வி, நான்கு சுவருக்குள் இருநூறு பேர் மட்டுமே கூடும் இடத்தைப் பற்றியது. அங்கே மைக் யாரையும் உள்ளே சேர்த்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்பவர்களின் காதைத்தான் மழுங்கடிக்கிறது. சின்னக் கூடம் என்றால் சீமான்களின் கூடம் என்ற நிலையை உடைக்க வழி, கூடத்தைப் பெரிதாக்குவது அல்ல. கூடத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதுதான்.

அப்படித் திறந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1979-இல் சில இளைஞர்கள் டோமஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். பெரிய அரங்கங்களுக்கு வரத் தயங்கும் மக்களிடம் தாங்களே போவது என்று முடிவெடுத்து, கழற்றி மாட்டக்கூடிய அரைக்கோளக் கூடாரம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். சுமார் இருநூறு பேர் உட்காரலாம். ஊர் ஊராக அதை ஏற்றிக்கொண்டு போய், கலைஞர்களே கம்பிகளைப் பொருத்தி எழுப்பி, நடுவில் உட்கார்ந்து வாசித்தார்கள். பியானோவில் சூசன் டோம்ஸ். பின்னாளில் இந்தக் குழு ஹைபீரியன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஃபோரேயின் இரண்டு பியானோ குவார்டெட்டுகளும் 1986-இல் கிராமபோன் இதழின் விருதைப் பெற்றன. கூடாரத்தில் மக்களோடு முழங்கால் தொடும் தூரத்தில் வாசித்துப் பழகியவர்களின் நெருக்கம் அந்தப் பதிவில் இருக்கிறது. முழக்கம் இல்லை, அவசரம் இல்லை.

அந்தத் தட்டில் இரண்டாவது குவார்டெட்டின் மெதுவான பகுதியைத் தேடிக் கேளுங்கள். பியானோவில் மணியோசை ஒன்று அசைந்து அசைந்து வரும். தான் சிறுவனாக இருந்தபோது, மேற்கிலிருந்து காற்று வீசும் மாலைகளில் பக்கத்துக் கிராமத்து மணியோசை மிதந்து வரும், அந்த நினைவு தன்னை அறியாமலே அதில் வந்துவிட்டது என்று ஃபோரே மனைவிக்கு எழுதியிருக்கிறார். மேற்குக் காற்று என்ன செய்யும் என்று மலையடிவாரத்தில் வாழும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பாலம் போடும் வேலையைத் தமிழ்க் கலைஞர்களும் செய்திருக்கிறார்கள். இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபுறம் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசை இலக்கணமும் கற்றார். 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை நடத்தி, கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவில் வாசித்துக் காட்டினார். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவிலேயே கர்நாடக இசை வாசித்தவர். சினிமாப் பாட்டின் பின்னணியில் ஐம்பது ஆண்டுகளாகத் தந்தி வாத்தியக் கூட்டத்தைக் கேட்டு வளர்ந்த தமிழர் காது, செல்லோவின் குரலை அடையாளம் கண்டுகொள்ளும். அதன் பெயர்தான் பலருக்குத் தெரியாது.

இடத்துக்கும் பஞ்சமில்லை. சென்னை மாகாணத்தை 1949 முதல் 1952 வரை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஒரு முதலமைச்சர் தம் வீட்டைக் கலைக்கு எழுதிவைத்த ஊர் தமிழ்நாட்டில் வேறு எது? ஒரு வீட்டின் அளவு என்பதே இந்த இசைக்குச் சரியான அளவு. பியானோ குவார்டெட் வீட்டுக் கூடத்துக்காக எழுதப்பட்டது. வீணைக் கச்சேரிக்கும் அதே அளவுதான் உகந்தது. சொல்லப்போனால் மைக் யுகத்தில் அதிகம் தோற்றுப்போனது வீணை. மீட்டிய பின் தந்தியில் மிஞ்சும் கார்வைதான் அதன் உயிர். அது ஒலிபெருக்கியில் ஏறி வருவதற்குள் அடுத்த மீட்டு வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. மார்கழி, தை மாதங்களில் மின்விசிறி இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காரலாம். அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெறும் சுவரும் மொசைக் தரையும் எதிரொலிக்கும். ஜமுக்காளம் விரித்து ஆட்கள் நிரம்ப உட்கார்ந்தால் அடங்கிவிடும். கலைஞரைக் கோடியில் மேடை மேல் ஏற்றாமல் நீளச் சுவரை ஒட்டி உட்காரவைத்தால் எவரும் ஏழெட்டு வரிசைக்கு அப்பால் இருக்க மாட்டார்கள். மிருதங்கக்காரர் கையைத் தணித்து வாசிக்க இசைய வேண்டும். நல்ல வித்வான்கள் இதைச் சந்தோஷமாகவே செய்வார்கள், ஏனெனில் அவர்களுடைய குமுக்கிகளும் மெல்லிய சாப்புகளும் அன்றைக்குத்தான் மற்றவர் காதில் விழும். கட்டணம் வேண்டாம். முன்வரிசை நாற்காலி யாருக்கும் ஒதுக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளையும் மில் தொழிலாளர் குடும்பங்களையும் அழைத்து முன்னால் உட்காரவைக்கலாம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த ஊர் இது. எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் நிற்பவருக்குத்தான் அமைதியான ஒரு கூடம் மற்ற எவரையும்விட அதிகம் தேவை.

பியானோவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஒரு முழு அளவு கிராண்ட் பியானோ ஒன்பதடி நீளம், ஐந்நூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட எடை. அதை மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து, ஈரக்காற்றில் சுருதி பிசகாமல் காப்பது இப்போதைக்கு ஆகிற காரியமில்லை. கச்சேரிக்கு வீணையும் வயலினும் குரலும் போதும். பியானோ குவார்டெட்டைப் பதிவாகவே கேட்கலாம். இரண்டு நல்ல ஸ்பீக்கர், முப்பது நாற்பது பேர், ஒரே ஒரு படைப்பு, முதலில் ஐந்து நிமிட அறிமுகம், பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டு முழுவதும் கேட்பது. திரைப்படச் சங்கங்கள் இப்படித்தான் உலகப் படங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தன. இசைக்கு மட்டும் அந்த ஏற்பாடு ஏன் இருக்கக் கூடாது? ஒருமுறை இப்படிக் கேட்டவர் அடுத்த கச்சேரியில் மைக்செட்டின் ஊளையைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். கேட்பவர்கள் பொறுக்காமல் போனால்தான் நடத்துகிறவர்கள் மாறுவார்கள்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கச்சேரி நடத்தும் சபாக்கள், கோயில் விழாக் குழுக்கள், பள்ளி நிர்வாகங்கள் எல்லோரிடமும் கேட்பது இதுதான்: வரும் மார்கழி நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு மாலையை மைக் இல்லாத மாலையாக அறிவியுங்கள். வாசகர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் ஊர் சபாச் செயலாளரை இப்போதே பார்த்துப் பேசுங்கள். ஐப்பசிக்கு மேல் போனால் கலைஞர்களின் தேதி கிடைக்காது.